இட்லித் தட்டுக்கு ஏன் கருப்புப் பலகை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கெலுகோரில் நான் வழக்கமாகத் தே தாரிக் குடிக்கும் கடைக்குப் போயிருந்தேன். பக்கத்து மேசையில் ஆறு பேர். முழங்கால் வரை சேறு. வெளியே ஆறு மலைச் சைக்கிள்கள் சுவரில் சாய்ந்து நின்றன. எந்த மலை அதிகச் செங்குத்து என்பதுதான் பேச்சு. புக்கிட் மெர்தாஜாம்தான் என்றார் ஒருவர். தைப்பிங் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசு என்றார் இன்னொருவர்.

"அதெல்லாம் சும்மாலா. பாலிக் புலாவ் வந்து அம்மாடி பாதையில இறங்கிப் பாரு. பிரேக்க புடிச்சிக்கிட்டே அழுவ."

"அம்மாடிக்கு சிவப்புப் பலகைதானே? இட்லித் தட்டுக்குத்தான் ரொம்ப ஆபத்துன்னு கருப்பு போட்டிருக்கான்."

"அத எந்த மடையன் போட்டான்னு தெரியல. இட்லித் தட்டுல என் தங்கச்சியே இறங்குவா."

அந்த மடையன் நான்தான். சொல்லவில்லை. மிச்சத் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அதே வாரம் ஃபர்ஹானாவிடமிருந்து வாட்சாப் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு, சைக்கிள்கள் இறங்கும் எங்கள் மலையில் பாதைப் பொறுப்பாளர் அவர்தான். ஜார்ஜ்டவுன் பெண், எஞ்சினியரிங் படித்தவர், சைக்கிளில் என்னைவிட நூறு மடங்கு கெட்டிக்காரி. 'அண்ணே, எல்லாப் பாதையையும் மெஷின் வெச்சு அளந்தோம். அம்மாடி முப்பத்தெட்டு டிகிரி, நீங்க சிவப்பு போட்டிருக்கீங்க. இட்லித் தட்டு பத்தொன்பது டிகிரிதான், அதுக்குப் போய் கருப்பு. மாத்துறதுக்கு முன்னாடி ஒங்க காரணத்தக் கேட்டுக்கணும். கொஞ்சம் எழுதிக் குடுங்க அண்ணே' என்று எழுதியிருந்தார்.

கொஞ்சமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது.

சைக்கிளுக்கும் எனக்கும் முதலில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பதினாறு வருடம் பாலிக் புலாவ் தோட்டங்களில் டுரியான் பழம் ஏற்றும் ஜீப் ஓட்டினேன். அங்கே மலைமேல் போகிற சிமெண்டுப் பாதைகள் ஜீப்பின் அகலத்துக்குமேல் ஒரு சாண்தான் இருக்கும். எதிரே யாராவது வந்தால் ஒருவர் பின்னால் போயே ஆகவேண்டும். ஒரு பக்கம் பள்ளம், பின்னால் முழுப் பாரம் டுரியான். அந்த வேலையில் ஒன்று கற்றுக்கொண்டேன். சரிவு எவ்வளவு என்பதை வண்டி சொல்லாது, மண்தான் சொல்லும்.

அந்தத் தோட்டங்களுக்கு மேலே இருந்த மலைமுகட்டை மிஸ் ஊய் குத்தகைக்கு எடுத்தார். சீனப் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். குள்ளமான உருவம். கை மணிக்கட்டு வரை மூடிய வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஒரு துண்டு. மலை உச்சியிலிருந்து சைக்கிளில் இறங்குகிறவர்களுக்காக ஒரு இடம் உண்டாக்கப்போவதாகச் சொன்னார். ஜீப்பில் சைக்கிள்களை மேலே ஏற்றிக் கொண்டுபோக ஆள் தேவைப்பட்டது.

வேலைக்கு எடுப்பதற்கு முன் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பேசவே இல்லை. கையை மட்டும் காட்டினார், பின்னால் போ என்று. அந்தச் சிமெண்டுப் பாதையில் கீழ் வளைவு வரைக்கும் ஜீப்பைப் பின்னாலேயே இறக்கினேன். நிறுத்தியதும் மலாயில் சொன்னார், "நீ கண்ணாடியப் பாக்கல. சன்னல் வழியா தலைய நீட்டி டயருக்குக் கீழ மண்ணப் பாத்த. ஜீப்புக்கு வேற ஆள் பாத்துக்கிறேன். நீ பாதை வேலைக்கு வா."

அவர் என்னிடம் கடைசிவரை மலாய்தான் பேசினார். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதல் இரண்டு வருடம் மண்வெட்டியும் வாரியும்தான். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், வேர் எங்கே புடைக்கும், எந்த மண் காலையில் இறுகி மத்தியானம் உதிரும் என்பதெல்லாம் முதுகு வலிக்க வலிக்கத் தெரிந்துகொண்டது. மூன்றாம் வருடத்திலிருந்து காலைச் சோதனை என் பொறுப்பில் வந்தது.

அதை மிஸ் ஊய் செய்யச் சொன்ன முறையை அப்படியே எழுதுகிறேன். முதல் சைக்கிள் மேலே ஏறுவதற்கு முன் ஐந்து பாதைகளையும் நடந்து முடிக்கவேண்டும். அதுவும் கீழிருந்து மேலே. "இறங்கும்போது கண் ஓடிப்போயிடும். ஏறும்போதுதான் மண் ஒன் மூஞ்சிக்குக் கிட்ட இருக்கும்" என்பார். குதித்து இறங்குகிற இடத்திலெல்லாம் குதிகாலால் மூன்று முறை குத்திப் பார்க்கவேண்டும். பள்ளம் விழுந்தால் மண் இளகியிருக்கிறது, பாதை திறக்காது. காய்ந்த இலை குவிந்திருந்தால் கையால் வாரவேண்டும், வாரியால் கூடாது. இலைக்குக் கீழே குழி இருந்தால் கைக்குத்தான் தெரியும், வாரி அதைத் தாண்டிப் போய்விடும். வளைவுகளில் கட்டியிருக்கும் கயிற்றை ஒவ்வொரு முடிச்சாகப் பிடித்து இழுக்கவேண்டும். உச்சிக்கு வந்ததும் வாக்கி டாக்கியில் கீழே அலுவலகத்தில் இருக்கும் அவரிடம் ஒவ்வொரு பாதையாகச் சொல்லவேண்டும். 'நல்லா இருக்கு' என்று சொன்னால் ஏற்கமாட்டார். "என்ன பாத்த, அதச் சொல்லு" என்பார். "மூணாவது வளைவுல வேர் ஒரு விரல் உயரம் வந்திருக்கு, வெட்டிட்டேன்" என்று சொன்னால்தான் அந்தப் பாதையைத் திறப்பார்.

குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் துண்டை எடுத்து மடிப்பார். அவ்வளவுதான். அந்த மடிப்பைப் பார்த்து நான் நடுங்கியிருக்கிறேன்.

பிறகு பலகை வைக்கிற வேலை வந்தது. எளிதான பாதைக்குப் பச்சை, அதற்குமேல் நீலம், சிவப்பு, எல்லாவற்றிலும் ஆபத்தானதுக்குக் கருப்பு. என் வாழ்க்கையில் நான் மிகவும் ரசித்துச் செய்தது அதுதான். முதலில் மற்ற மலைகளைப் பார்த்து வரச்சொல்லி அனுப்பினார். மூன்று மாதம் சுற்றினேன். பள்ளிப்பிள்ளைகள் வைத்திருக்கிற கோணமானி ஒன்று, அதன் நடுவில் நூல், நூலின் நுனியில் தூண்டில் ஈயக்குண்டு. சரிவில் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் கோணமானியைப் பிடித்தால் நூல் டிகிரியைக் காட்டும். அதை வைத்துக்கொண்டு புக்கிட் மெர்தாஜாமில் பாறைமேல் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். அங்கே பாறை வழுக்காது, பாறைமேல் கிடக்கும் மணல்தான் வழுக்கும். தைப்பிங் பக்கம் சரிவு குறைவு, ஆனால் அந்த ஊர் மழையில் பாசி எப்போதும் ஈரம், முப்பது டிகிரி அங்கே நாற்பதுக்குச் சமம். கேமரன் மலையில் களிமண் டயரில் ஒட்டி ஒட்டி சைக்கிள் பன்றிக்குட்டி மாதிரி கனத்துவிடும். ஒவ்வோர் ஊரிலும் இறங்குகிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். எல்லாரும் ஒரே பேச்சு. எங்க மலைதான் மோசம், எங்க மலைதான் மோசம். மோசம் என்பதை அவ்வளவு பெருமையாகச் சொல்கிற கூட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கும் அந்தக் காய்ச்சல் தொற்றிக்கொண்டது. திரும்பி வந்து மிஸ் ஊயிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு, "அங்கல்லாம் யாரு விழுந்தாங்க, எங்க விழுந்தாங்க?" என்று கேட்டார். அதை நான் எழுதிக்கொண்டு வரவில்லை. துண்டு மடிந்தது.

எங்கள் மலையில் பேர்பெற்ற பாதைகள் இரண்டு. ஒன்று அம்மாடி. உச்சியிலிருந்து நேராகக் கீழே போவது. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தவர்கள் சொன்ன வார்த்தையே பேராகிவிட்டது. இன்னொன்று இட்லித் தட்டு. பழைய ஜாதிக்காய் மரங்களுக்கு நடுவே உருண்டை உருண்டையாக இருபது மேடுகள், ஒன்றன்பின் ஒன்றாக. மண்ணுக்குள் கிடக்கிற பாறைகளை மூடி நாங்களே இறுக்கிச் செய்த மேடுகள். கவிழ்த்துக் கொட்டின இட்லி மாதிரி இருக்கும். சீனப் பையன்களும் மலாய்க்காரர்களும்கூட 'இட்லி' என்றுதான் சொல்வார்கள்.

நிறம் போடுவதற்கு மிஸ் ஊய் ஒரு முறை வைத்திருந்தார். புதிதாக ஓட்டுபவர் ஒருவர், நடுத்தரமானவர் ஒருவர், கெட்டிக்காரர் ஒருவர், மூன்று பேரைத் தனித்தனியாக இறக்கவேண்டும். புதியவரும் கெட்டிக்காரரும் பேச்சுக்குத்தான். நடுத்தரமானவர் எத்தனை இடத்தில் காலைத் தரையில் ஊன்றுகிறார் என்று எண்ணவேண்டும். அதுதான் நிறம். அம்மாடியில் நடுத்தரமானவர் நான்கு முறை ஊன்றினார், சிவப்பு. இட்லித் தட்டில் ஒரு முறைகூட ஊன்றவில்லை. சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். நீலம் என்று எழுதினேன்.

"இன்னொரு தடவ இறக்கிப் பாக்கலாமா?" என்று கேட்டார் மிஸ் ஊய்.

"தேவையில்ல மிஸ். பத்தொன்பது டிகிரிதான். கால் ஊனவே இல்ல."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சரி என்று தலையாட்டினார். இருபது வருட வேலையில் நான் திரும்பிப் போய் மாற்ற நினைக்கிற நிமிடம் அதுதான்.

அதற்கு அடுத்த மழைக்காலம் முடிந்து முதல் சனிக்கிழமை. கூட்டம் அதிகம். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்த குமரேசன் அன்றைக்கு வந்திருந்தார். முப்பத்து நாலு வயது, எல்லாச் சனிக்கிழமையும் வருகிற ஆள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாலா என்ற சினேகிதரைக் கூட்டி வந்திருந்தார். உச்சியில் ஜீப்பைவிட்டு இறங்கும்போதே இருவருக்கும் வாக்குவாதம்.

"இதுக்குப் பேரு மலையா? எங்க ஊரு படிக்கட்டே இதவிட செங்குத்தா இருக்கும்லா" என்றார் பாலா.

"பேசாத. அம்மாடி அப்புறம் காட்டுறேன். மொதல்ல இட்லில சூடு ஏத்திக்கலாம். நீலம்தான். என்னைப் புடிச்சிட்டின்னா மத்தியானம் நாசி கண்டார் சாப்பாடு என் செலவு" என்றார் குமரேசன்.

குமரேசன் முன்னால், பாலா பத்து நொடி பின்னால். நான்தான் பாதை வாயிலில் நின்று கையசைத்து அனுப்பினேன். ஜீப் அடுத்த கூட்டத்தை ஏற்ற மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. உச்சியில் நானும், முறைக்குக் காத்திருந்த நாலைந்து பேரும்.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மூன்று விசில். ஒவ்வொரு ஓட்டுநருக்கும் நாங்கள் ஒரு விசில் கொடுப்போம், மூன்று முறை ஊதினால் அடிபட்டிருக்கிறது என்று பொருள். மறுபடி மூன்று. பிறகு பாலாவின் குரல், மரங்களுக்குள்ளிருந்து. "அண்ணே, ரத்தம் நிக்கல. அண்ணே."

வாக்கி டாக்கியில் மிஸ் ஊயிடம் சொன்னேன். அவர் குரல் மாறவில்லை. "ஆம்புலன்ஸ் கூப்பிடுறேன். ஜீப்பையும் ஸ்ட்ரெச்சரையும் பாதி மலையில இருக்கிற நடு ரோட்டுக்கு அனுப்புறேன். நீ மருந்துப் பைய எடுத்துக்கிட்டு நடந்து போ. நடந்து. கேட்டுதா?"

கேட்டது. அது எங்கள் சட்டம். அடிபட்டவரைப் பார்க்கப் போகிறவர் சைக்கிளில் போகக்கூடாது. அவரும் விழுந்தால் தூக்க வேண்டியவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். நல்ல சட்டம். நானே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தது.

பையை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். முப்பது அடி போயிருப்பேன். மறுபடியும் விசில் வந்தது. இந்த முறை இரண்டுதான் ஊதினார், மூன்றாவது காற்றாகப் போய்விட்டது. அந்த மேடுகளில் காலை வைத்து இறங்க இருபது நிமிடம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். தினமும் நடக்கிறவன் ஆயிற்றே. இருபது நிமிடம் ரத்தம் போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

திரும்பி ஓடினேன். வாயிலில் நின்றவரின் சைக்கிளைப் பிடித்தேன். அவர் தன் தலைக்கவசத்தைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டார்.

எனக்கு அப்போது ஐம்பது வயது. அதுவரை நான் சைக்கிளில் பசாருக்குப் போயிருக்கிறேன். மெக்கானிக் பழுது பார்த்த சைக்கிள்களை முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பிரேக் பார்த்திருக்கிறேன். மலையில் ஓர் அடிகூட இறங்கியதில்லை. ஐந்து பாதைக்கும் பலகை வைத்தவன் ஒன்றிலும் ஓட்டியதில்லை என்பது மிஸ் ஊயைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஆனால் அந்த மேடுகளை எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் கையால் இறுக்கியிருக்கிறேன், குதிகாலால் குத்தியிருக்கிறேன். முதல் மேட்டில் ஏறினேன். சைக்கிள் எகிறி மார்பில் இடித்தது. இரண்டாவதில் என்னை அறியாமல் முழங்காலைத் தளர்த்தினேன், மேடு கால்களுக்குள் வந்து மடங்கி வெளியே போனது. மூன்றாவது, நான்காவது. காற்று காதில் இரைந்தது. மேட்டின் உச்சியில் உடம்பு லேசாகும், இறக்கத்தில் கனக்கும், அடுத்த உச்சியில் மறுபடி லேசாகும். ஐந்து, ஆறு. நான் மிதிக்கவே இல்லை, மேடுகளே என்னைத் தள்ளின. ஏழாவதில் ஒரு சத்தம் கேட்டது. என் தொண்டையிலிருந்து வந்த சத்தம். பயத்தில் கத்தினேன் என்று எழுதத்தான் ஆசை. அது பயம் இல்லை. அது என்னவென்று பின்னால் சொல்கிறேன்.

எட்டாவதில் வேகம் என் கையைவிட்டுப் போயிற்று. பிரேக் பிடித்தால் மேட்டின் முதுகில் சக்கரம் வழுக்கும், விட்டால் பறக்கும். பத்தாவதைத் தாண்டும்போதே தூரத்தில் சிவப்புச் சட்டை தெரிந்தது. பதினோராவதில் முன்சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் மண் இல்லை. கைப்பிடியை வயிற்றுக்குள் இழுத்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக இழுத்தேன். பின்சக்கரம் ஏதோ விளிம்பில் அடித்து, நான் பன்னிரண்டாவது மேட்டில் குப்புற மோதி நின்றேன். முழங்கை கிழிந்தது. எழுந்துவிட்டேன்.

குமரேசன் பாதையோரம் ஜாதிக்காய் மரத்தடியில் கிடந்தார். கைப்பிடியின் நுனி தொடையின் உள்பக்கம் குத்தி ஏறியிருந்தது. பாலா தன் சட்டையைக் கழற்றி அழுத்திக்கொண்டிருந்தார். ஆனால் பத்து நொடிக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்தார், நின்றுவிட்டதா என்று. எடுக்கும்போதெல்லாம் பொங்கியது.

"எடுத்து எடுத்துப் பாக்காத தம்பி. கைய விடு, நான் பாத்துக்கிறேன்."

பையிலிருந்த துணிச் சுருளைப் பிரித்துக் காயத்துக்குள் விரலால் திணித்தேன். இடம் இருக்கும்வரை திணித்தேன். குமரேசன் கத்தினார். அதற்குமேல் என் முழங்காலை வைத்து என் முழு எடையையும் இறக்கினேன். பாலாவிடம் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் ஆனதும் சொல்லச் சொன்னேன், அதுவரை அசையமாட்டேன் என்றேன். வாக்கி டாக்கியில் மிஸ் ஊய் கேட்டார், "எங்க இருக்க?"

"அவருகிட்ட."

 நான் நடந்து வந்திருந்தால் எங்கே இருக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியாதா.

"காயத்தச் சொல்லு" என்றார்.

சொன்னேன். பத்து நிமிடம் முடிந்தபோது துணியின் மேல்பக்கம் ஈரம் ஏறவில்லை. இறுக்கிக் கட்டினேன். குமரேசனின் உதடு வெளுத்திருந்தது. தூங்கவிடக்கூடாது என்று பேச்சுக் கொடுத்தேன்.

"அண்ணே, இது என்னா நீலம்?" என்றார் மெல்ல.

கட்டை இன்னொரு சுற்று இறுக்கினேன்.

நடு ரோட்டிலிருந்து ஆறு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஏறி வந்தார்கள். தலை மலைப்பக்கம், கால் பள்ளத்தின் பக்கம். கயிற்றை ஒரு மரத்தில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த, நான்கு பேர் தாங்கிக்கொண்டு இறங்கவேண்டும். அடுத்த மரம், மறுபடி சுற்று. தண்ணீர்மலைக் கோயிலுக்குக் காவடி தூக்கி ஏறினவர்கள் அதில் இரண்டு பேர் இருந்தார்கள், இறங்குவது வேறு கணக்கு என்று அவர்களே சொன்னார்கள். ஐம்பது நிமிடம். நடு ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றது. மிஸ் ஊயும் நின்றார். குமரேசனை ஏற்றிவிட்டுத்தான் என் முழங்கையைப் பார்த்தார். துண்டைக் கழற்றினார். மடிப்பார் என்று நினைத்தேன். என் கையில் சுற்றிக் கட்டினார்.

மறுநாள் மலையை மூடினோம். காலையில் அவரும் நானும் இட்லித் தட்டில் கீழிருந்து ஏறினோம். பதினோராவது மேட்டின் முதுகை மழை அரித்திருந்தது, முழங்கால் ஆழத்துக்கு. ஆனால் முந்தின நாள் காலையில் நான் நடந்தபோது அது இல்லை. கையைவிட்டுப் பார்த்தவன் நான், சத்தியமாக இல்லை. மேல்தோல் மட்டும் இறுகி, உள்ளே குடைந்திருக்கிறது. முதல் சைக்கிள் போனதும் உடைந்திருக்கிறது.

"குழி ஒரு காரணம். அது மட்டுந்தானா?" என்றார் மிஸ் ஊய்.

அரைநாள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பாலாவை வரவழைத்துக் கேட்டோம். நேற்று நான் ஓட்டியது எப்படி இருந்தது என்று என்னையும் கேட்டார். அப்போதுதான் புரிந்தது. மேடுகள் ஒரே இடைவெளியில் இருப்பதால் மிதிக்காமலேயே வேகம் ஏறிக்கொண்டே போகும். எட்டாவது மேடு வரை அது சுகமாக இருக்கும். அதற்குமேல் நிறுத்த முடியாது. நாங்கள் சோதித்தபோது நடுத்தரமானவர் தனியாக, நிதானமாக வந்தார், காலை ஊன்றவில்லை. சனிக்கிழமை குமரேசன் தனியாக வரவில்லை. பின்னால் ஒருவர் துரத்தினார். அம்மாடியில் யாரும் துரத்திக்கொண்டு இறங்குவதில்லை. அதன் விளிம்பைப் பார்த்ததுமே ஒவ்வொருவரும் பிரேக்கில் கையை வைத்துவிடுவார்கள். இட்லித் தட்டைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

அன்றிலிருந்து எங்கள் மலையில் நிறம் போடுவதற்கு முன் இரண்டு பேரைத் துரத்தவிட்டும் பார்ப்போம். அப்படிப் பார்த்ததில் நடுத்தரமானவர் எட்டாவது மேட்டுக்குமேல் ஆறு முறை தடுமாறினார். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஒரு வளைவை வெட்டி, வேகம் குறைக்க வழி செய்தோம். அப்புறமும் கருப்புப் பலகையைத்தான் வைத்தேன். ஃபர்ஹானா, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். மெஷின் சரியாகத்தான் அளந்திருக்கிறது. அதன் பின்னால் யாரையும் துரத்தவிட்டிருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை மிஸ் ஊய் எனக்கு ஒரு கடிதம் கொடுத்தார். எச்சரிக்கைக் கடிதம். சட்டத்தை மீறிச் சைக்கிளில் போனதற்காக. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். "நீ போகலன்னா அந்தப் பையன் இருந்திருக்க மாட்டான்னு டாக்டர் சொல்றாரு. நீ விழுந்திருந்தா ரெண்டு பேரும் இருந்திருக்க மாட்டீங்க. ரெண்டும் உண்மைதான். அதனால கடிதமும் இருக்கணும்" என்றார். எனக்கு வருத்தமே வரவில்லை. நியாயமான கடிதம். இன்னும் வைத்திருக்கிறேன்.

எனக்கு இருந்த வருத்தம் வேறு. அந்த ஏழாவது மேட்டில் என் தொண்டையிலிருந்து வந்தது சிரிப்பு. கீழே ஒருவர் ரத்தம் கொட்டிக்கொண்டு கிடக்கிறார், அதுவும் நான் வைத்த பலகையை நம்பி இறங்கியவர். அவரைக் காப்பாற்றப் போகிறவன் சிரித்தேன். ஐம்பது வருட வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. வீட்டில் சொல்லவில்லை, கோயிலில் நின்று மனசுக்குள் சொன்னேன், அதுவும் ஆறவில்லை.

குமரேசன் எட்டு மாதம் கழித்து வந்தார். காலில் நரம்பு அடிபட்டு, நடை பழகவே நாளாகியிருந்தது. மனைவி தான் ஓட்டி வந்த கெரெத்தாவை நிறுத்திவிட்டு அலுவலகத்தில் மிஸ் ஊயோடு உட்கார்ந்துகொண்டார். குமரேசன் தான் விழுந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்றார். இருவரும் நடு ரோட்டிலிருந்து மெல்ல ஏறினோம். ஜாதிக்காய் மரத்தடியில் உட்கார்ந்தார். நான் நின்றேன்.

"தம்பி, ரெண்டு விசயம் சொல்லணும். அந்த நீலப் பலகைய வெச்சது நான்தான். மிஸ் இன்னொரு தடவ பாக்கலாமான்னு கேட்டாங்க. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

அவர் தொடையைத் தடவிக்கொண்டார்.

"ரெண்டாவது?"

"அன்னைக்கு ஒன்னைப் பாக்க இதுல இறங்கி வந்தேன் பாரு. அது வரைக்கும் நான் மலையில ஓட்டினதே இல்ல. வரும்போது..." மேலே ஏழாவது மேட்டைக் காட்டினேன். "வரும்போது எனக்கு ரொம்ப சந்தோசமா இருந்துச்சு தம்பி. சிரிச்சேன். நீ இங்க கெடக்கிற, நான் சிரிச்சிக்கிட்டு வர்றேன். மன்னிச்சிடு."

குமரேசன் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.  திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். பிறகு மேலே திரும்பி மேடுகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினார்.

"எத்தனாவது மேடு வரைக்கும் வந்தீங்க அண்ணே?"

"பதினொண்ணத் தாண்டிட்டேன். பன்னண்டுல மோதினேன்."

"குழியத் தாண்டியா?"

"ஆமா."

"மொதல் தடவையிலயே?"

"ஆமா தம்பி."

அவர் முகம் சுருங்கியது. மலையில் ஓட்டுகிறவர்கள் எல்லாரிடமும் நான் பார்த்த சுருக்கம் அது. மற்றவன் மலை தன் மலையைவிடச் செங்குத்து என்று கேட்கும்போது வருவது.

"நான் பத்துதான் தாண்டினேன்" என்றார். கையை நீட்டினார். பிடித்துத் தூக்கிவிட்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு, நொண்டும் காலோடு, கீழே மனைவி இருக்கும் பக்கம் திரும்பாமல், முதல் மேடு தொடங்கும் உச்சியை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.